ஒரு முறை மட்டும் கிடைக்கும் துண்டு

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த காலாண்டுக் கூட்டத்தின் நிறைவில், திசு ஆய்வகத்தில் நீண்ட காலம் டெக்னீஷியனாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பராமரிப்புக் கட்டணம், போர்வெல் மோட்டார், லிஃப்ட் ஒப்பந்தம் எல்லாம் பேசி முடித்த பிறகு என்னை அழைத்திருக்கிறீர்கள். சுண்டல் வேறு தயாராகிவிட்டது என்று வாசனை சொல்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் லிஃப்டில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். வீட்டில் ஒருவருக்கு பயாப்சி எடுத்திருந்தார்கள். ஐந்து நாளில் ரிப்போர்ட் என்று சொன்ன லேப், ஐந்தாம் நாள் போன் செய்து, “ரீபிராசஸிங் போட்டிருக்கிறோம், இன்னும் இரண்டு நாள் ஆகும்” என்றிருக்கிறது. “சார், நீங்க அந்த வேலைதானே பார்த்தீங்க? துண்டைத் தொலைச்சிட்டாங்களா? இல்ல வேற ஏதாவது மறைக்கிறாங்களா? ரெண்டு ராத்திரியா தூக்கம் இல்ல” என்றார். நாலாவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. அன்று கார் நிறுத்துமிடத்தில் நின்று அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

ஏன் எல்லோருக்கும்? இங்கே இருப்பவர்களில் பலர் வீட்டில் கர்ப்பப்பை, பித்தப்பை, தைராய்டு, மார்பகக் கட்டி என்று ஏதோ ஓர் அறுவை சிகிச்சை நடந்திருக்கும். பல இடங்களில் தியேட்டர் கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்து, ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, “இதைக் கொண்டுபோய் லேப்ல கொடுத்திருங்க” என்பார். அந்த நிமிடம் முதல் அந்தத் துண்டுக்குக் காவல் நீங்கள்தான். அதைப் பற்றி உங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாட்டிலிலிருந்து கண்ணாடித் தகடு வரை

உடம்பிலிருந்து வெட்டி எடுத்த திசு அந்த நிமிடமே அழுகத் தொடங்குகிறது. ரத்த ஓட்டம் நின்றதும் செல்லுக்குள் இருக்கும் நொதிகளே செல்லைக் கரைக்க ஆரம்பித்துவிடும். நம்ம ஊர் சித்திரை வெயிலில், நாற்பது டிகிரியைத் தொடும் நாளில், இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். இதை நிறுத்தத்தான் ஃபார்மலின்.

ஃபார்மலின் இந்த வேலைக்கு வந்த கதை சுவையானது. 1893-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம், அதைக் கிருமிநாசினியாகப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். வேலை செய்யச் செய்ய, தன் விரல் தோல் விறைத்துக் கெட்டியாவதைக் கவனித்தார். தோலைக் கெட்டியாக்குகிறது என்றால் மற்ற திசுக்களையும் அப்படியே நிறுத்தி வைக்கும் அல்லவா? அன்று அவர் பிடித்ததை இன்றும் உலகம் முழுக்க எல்லா லேபுகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஃபார்மலினில் நன்றாக ஊறிய துண்டு லேபுக்கு வருகிறது. டாக்டர் அதை அளந்து, வெட்டி, தேவையான பகுதிகளைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கூடுகளில் வைப்பார். காசெட் என்போம். இனி அதை மெழுகுக்குள் பதிக்க வேண்டும். பச்சைத் திசுவை மெல்லியதாகச் சீவ முடியாது. மெழுகு உள்ளே ஏறி இறுகினால்தான் சீவ முடியும். நாங்கள் சீவும் தடிமன் 3 முதல் 4 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

ஆனால் திசுவுக்குள் இருப்பது தண்ணீர். தண்ணீருக்கும் மெழுகுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நடுவில் இரண்டு பேர் வேண்டும். முதலில் ஆல்கஹால். அது தண்ணீரோடு பேசும். 70, 90, 100 சதவீதம் என்று படிப்படியாகப் போய்த் தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டுத் தான் உட்காரும். அடுத்து சைலீன். அது ஆல்கஹாலோடும் பேசும், மெழுகோடும் பேசும். ஆல்கஹாலை வெளியேற்றிவிட்டு, பிறகு வரும் மெழுகுக்கு இடம் விட்டுக் கொடுக்கும். மெழுகு சுமார் 60 டிகிரி சூட்டில் உருகிய நிலையில் உள்ளே ஏறும். இதையெல்லாம் ஒரு இயந்திரம் ராத்திரி முழுக்க 12 மணி, 16 மணி நேரம் செய்யும். காலையில் எடுத்து அச்சில் வைத்து ஊற்றினால் பிளாக் தயார். அதை மைக்ரோடோமில் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றினால் டாக்டர் பார்க்கும் ஸ்லைடு.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் கடைசியில் டாக்டருக்குத் தெரிவது மங்கல்தான். மங்கலைப் பார்த்து யாரும் புற்றுநோய் என்றோ இல்லை என்றோ எழுதக்கூடாது.

வேகாத அதிரசம்

தீபாவளிக்கு அதிரசம் சுடுகிறோம். மேலே பொன்னிறமாக இருக்கும்; பிட்டால் நடுவில் மாவு. பதப்படாத திசுவும் அப்படித்தான். ஓரம் நன்றாக இருக்கும், நடுவில் மெழுகு ஏறியிருக்காது. பிளாக்கின் முகத்தை நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் நடுப்பகுதி குழி விழும். சீவினால் நாடாவின் நடுவில் ஓட்டை.

காரணங்கள் பல. துண்டைத் தடிமனாக வெட்டியிருக்கலாம். மார்பகத் திசு போலக் கொழுப்பு நிறைந்ததாக இருக்கலாம். கொழுப்புக்குள் எதுவும் சீக்கிரம் ஏறாது. ஃபார்மலினில் போதுமான நேரம் ஊறாமலே அவசரமாக இயந்திரத்துக்குப் போயிருக்கலாம். கூடையில் காசெட்டுகளை நெருக்கித் திணித்திருக்கலாம். ராத்திரி கரண்ட் போய், கூடை ஒரு ஜாடியிலிருந்து தூக்கிய நிலையில் காற்றில் தொங்கியே காய்ந்திருக்கலாம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-ல் இந்தப் பயத்திலேயே நாங்கள் ராத்திரி ஆள் போட்டுக் காவல் இருந்திருக்கிறோம். எல்லாவற்றையும்விட அடிக்கடி வரும் காரணம், ஆல்கஹாலில் தண்ணீர் சேர்ந்து நீர்த்துப்போவது. ஒவ்வொரு தடவையும் திசு கொண்டுவரும் தண்ணீர் அதில்தான் சேர்கிறது. காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சும். கணக்கு வைத்து மாற்றாவிட்டால் 100 சதவீதம் என்று லேபிள் ஒட்டிய ஜாடியில் 100 சதவீதம் இருக்காது.

அந்த வியாழக்கிழமை

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. செய்த தப்பைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். அந்த லேபின் பெயர் வேண்டாம். விடுமுறையில் தேங்கிய துண்டுகள் எல்லாம் ஒரே நாளில் வந்து குவிந்துவிட்டன. ஆல்கஹால் ஜாடிகளை முழுக்கக் கொட்டிப் புதிதாக ஊற்ற வேண்டிய நாள். அது என் பொறுப்பு. நேரமில்லை என்று, சாம்பாருக்கு வெந்நீர் விட்டு நீட்டுகிற மாதிரி, இருந்ததன் மேலேயே கொஞ்சம் புதுசை ஊற்றி மட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. முதல் பிளாக்கை மைக்ரோடோமில் மாட்டிச் சீவினேன். நாடா வரவில்லை; கிழிந்தது. சரி, இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் நன்றாக வரும் என்று இன்னும் நாலு சுற்று சுற்றினேன். அப்போதும் கிழிந்தது. இரண்டாவது பிளாக்கும் அப்படியே. பக்கத்து மேசையில் இருந்த மூத்த டெக்னீஷியன் அண்ணன் எழுந்து வந்தார். மெழுகை மோந்து பார்த்தார். சைலீன் வாடை அடித்தது. “தம்பி, கத்தியக் கழத்து. இனி ஒண்ணும் வெட்டாத” என்றார்.

அந்த ஒரு வார்த்தையின் அருமை அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. பதப்படாத பிளாக்கைச் சீவச் சீவ, திசு தூளாகிக் கீழே விழுந்துகொண்டே இருக்கும். பெரிய அறுவை சிகிச்சைத் துண்டு என்றால் மீதி வாளியில் ஃபார்மலினில் இருக்கும், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஊசி போட்டு எடுத்த பயாப்சி என்றால் மொத்தமே பென்சில் முனை ஈயம் போல நாலு இழை. அது முழுவதும் அந்த பிளாக்குக்குள்தான் இருக்கிறது. ‘கொஞ்சம் வெட்டிப் பார்ப்போம்’ என்ற ஆசையில்தான் அது தொலைகிறது.

அண்ணன் கடைசி ஆல்கஹால் ஜாடியின் அடியைக் காட்டினார். அங்கே நாங்கள் தண்ணீர் நீக்கிய காப்பர் சல்பேட் போட்டு வைத்திருப்போம். தண்ணீர் இல்லாதவரை வெள்ளையாக இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் நீலமாகிவிடும். நல்ல நீலம். பக்கத்தில் சைலீன் ஜாடி பால் கலந்த மாதிரி கலங்கியிருந்தது. வேறு சாட்சி தேவையில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பிளாக்குகள். அதில் ஒன்று, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியில் ஊசி போட்டு எடுத்தது.

அவர் கணவர் காலையிலிருந்தே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “சார், இன்னைக்குத் தாரேன்னு சொன்னீகளே. ஆடு மாட்ட பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்” என்றார். மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. எங்கள் டாக்டரம்மா என்னைப் போகச் சொல்லிவிட்டு அவரே அவரிடம் போனார். “ஐயா, தப்பு எங்க பக்கம். துண்டு பத்திரமா இருக்கு. ஆனா அது பதமாகல. திரும்பச் செய்யணும். சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க” என்றார்.

அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “திரும்ப அவளுக்குக் குத்த வேண்டியிருக்குமாம்மா?”

“அது கூடாதுன்னுதான் ரெண்டு நாள் கேக்குறோம்” என்றார் டாக்டரம்மா.

வந்த வழியே திரும்பிப் போவது

ரீபிராசஸிங் என்பது இதுதான். வந்த வழியே, எங்கே தப்பு நடந்ததோ அந்த இடம் வரை திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி சரியாக வருவது. அதற்கு முதலில் எங்கே தப்பு என்று தெரிய வேண்டும். தெரியாமல் அதே ஜாடிகளில் இன்னொரு சுற்று விட்டால் அதே தப்பு இரண்டு மடங்காகும்.

எங்கள் தப்பு ஆல்கஹாலில். எனவே முதல் வேலை, எல்லா ஜாடியையும் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவது. அடுத்து பிளாக்கை உருக்கி மெழுகை வடிப்பது. மிச்ச மெழுகைச் சைலீனில் கரைப்பது. சைலீனை ஆல்கஹாலில் வெளியேற்றுவது. இந்த இடத்தில்தான் உள்ளே ஒளிந்திருந்த தண்ணீர் வெளியே வரும். அதனால் இங்கே இரண்டு மூன்று தடவை புது ஆல்கஹால் மாற்ற வேண்டும். பிறகு மறுபடி புது சைலீன், புது மெழுகு.

இதிலும் அண்ணன் ஒரு விதி வைத்திருந்தார். முதலில் அந்த இழைகளைத் தொடவே கூடாது. கர்ப்பப்பை நார்க்கட்டி ஒன்று இருந்தது. அதன் மீதி பெரிய துண்டு வாளியில் பத்திரமாக இருந்தது. அந்த பிளாக்கைத்தான் முதலில் அனுப்பினோம். கெட்டாலும் நஷ்டமில்லாத ஒன்றை முன்னால் அனுப்பி, அது நல்லபடி வந்த பிறகே மற்றவை. வியாழன் ராத்திரி அது வந்தது. சீவினால் நாடா ஒரே சீராக, பட்டு நூல் மாதிரி வந்தது. வெள்ளி முழுக்க மற்றவை. வெள்ளி ராத்திரி அந்த நாலு இழை. அவற்றை ஒரு மெல்லிய தாளில் சுற்றிக் காசெட்டில் வைத்தபோது என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை ஸ்லைடு தெளிவாக இருந்தது. ரிப்போர்ட்டில் டாக்டரம்மா ‘மறுமுறை பதப்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினார். புற்றுநோய்தான். அந்தப் பெண்ணுக்குத் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கியது. திரும்ப ஊசி போட வேண்டியிருக்கவில்லை.

எல்லாக் குறைகளுக்கும் இதே மருந்து இல்லை. ஃபார்மலினில் ஊறாததுதான் காரணம் என்றால், இன்னும் பின்னால் போய், தண்ணீர் நிலைவரை கொண்டுவந்து, மறுபடி ஃபார்மலினில் வைத்து எடுக்க வேண்டும். காய்ந்துபோன துண்டை ஆல்கஹாலும் கிளிசரினும் கலந்த கரைசலில் ஊற வைத்து மென்மையாக்குவோம். அளவுக்கு மீறிப் பதமாகி மொறுமொறுவென்று ஆகிவிட்டதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிளாக்கின் முகத்தைப் பனிக்கட்டியும் தண்ணீரும் உள்ள தட்டில் கவிழ்த்து வைத்து, ஈரம் ஏறிய மேல்பகுதியில் மெதுவாக நாலு சீவல் எடுத்துச் சமாளிக்கலாம்.

காய்ந்த திசுவை மீட்பதில் ஒரு பெரிய சாதனையையும் சொல்லிவிடுகிறேன். எகிப்தில் வேலை பார்த்த மார்க் அர்மண்ட் ரஃபர் என்ற மருத்துவர், மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய மம்மிகளின் திசுவை, ஆல்கஹாலும் சோடியம் கார்பனேட்டும் கலந்த கரைசலில் ஊற வைத்து மென்மையாக்கி, சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். 1910-ல், மம்மியின் சிறுநீரகத்தில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருந்ததாக வெளியிட்டார். காய்ந்தது மீண்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த உடல்கள் அழுகும் முன்பே உப்பில் உலர்த்தப்பட்டவை.

திரும்ப வழியில்லாத இடம்

அதே லேபில், வேறொரு வருடம், கத்திரி வெயிலில், ஒருவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். உள்ளே அவர் அம்மாவின் பித்தப்பை. வெளியூரில் ஆபரேஷன். டப்பாவில் இருந்தது வெறும் தண்ணீர். யாரோ, “ஈரமா இருந்தா போதும்” என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு நாள் இருந்து, மறுநாள் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி வந்திருக்கிறார். மூடியைத் திறந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியும் எல்லாம் செய்து பார்த்தோம். ஃபார்மலினில் வைத்தோம், பதப்படுத்தினோம், சீவினோம். ஸ்லைடில் செல்களின் நிழல் இருந்தது. உள்ளே கரு எதுவும் இல்லை. ‘திசு சிதைந்துள்ளது, கருத்துக் கூற இயலாது’ என்று எழுதுவதைத் தவிர டாக்டருக்கு வேறு வழி இல்லை. இன்னொரு பித்தப்பை அந்த அம்மாவிடம் இல்லை.

இந்த இரண்டு கதைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இன்று வந்தேன். லேபுக்குள் நான் செய்த தப்பு பெரியது. ஆனாலும் திரும்பிப் போக வழி இருந்தது, ஏனென்றால் அந்த இழைகள் எடுத்த உடனே ஃபார்மலினில் விழுந்திருந்தன. இரண்டாவது கதையில் லேபில் யாரும் தப்பே செய்யவில்லை. முதல் மணி நேரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில், 1997 முதல் 2005 வரை மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனைகளில் பெரிய குளறுபடி நடந்தது தெரியவந்தது. மார்பகப் புற்றில் இந்தப் பரிசோதனை ‘உண்டு’ என்று வந்தால் தமாக்சிஃபென் போன்ற மாத்திரை பலன் தரும். சுமார் 400 பெண்களுக்குத் தவறான முடிவு கொடுக்கப்பட்டிருந்தது. பலருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாத்திரை கிடைக்கவில்லை. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009-ல் அறிக்கை கொடுத்தது. திசுவை ஃபார்மலினில் வைப்பதிலும் பதப்படுத்துவதிலும் ஒரே சீரான ஒழுங்கு இல்லாதது அங்கே வெளிப்பட்ட குறைகளில் ஒன்று. இன்று உலக அளவில் இந்தப் பரிசோதனைக்கு விதி இருக்கிறது: மார்பகத் திசு வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போக வேண்டும், குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும்.

நம் கையில் இருப்பவை

நம்ம பெரியாஸ்பத்திரிக்குத் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தனியார் மருத்துவமனைகளுக்கும் அப்படியே. உங்கள் ஊர்ச் சொந்தக்காரர்கள் ஆபரேஷனுக்கு வந்தால் நம் வீட்டில்தான் தங்குவார்கள். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதும் நீங்களாகத்தான் இருக்கும். எனவே இவற்றை மனதில் வையுங்கள்.

ஒன்று. பாட்டிலை வாங்கும்போதே கேளுங்கள்: “இதில் ஃபார்மலின் ஊற்றியாச்சா?” துண்டு முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். துண்டின் அளவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு திரவம் இருப்பது நல்லது. சின்னப் பாட்டிலில் பெரிய துண்டைத் திணித்திருந்தால், பெரிய வாயுள்ள டப்பா கேளுங்கள். ஃபார்மலினில் விறைத்த துண்டு குறுகிய வாய் வழியாக வெளியே வராது.

இரண்டு. நீங்களாக எதையும் ஊற்ற வேண்டாம். சில துண்டுகள் ஃபார்மலின் இல்லாமல்தான் போக வேண்டும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு சலைனில் அனுப்புவார்கள்; ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும். ஆபரேஷன் நடக்கும்போதே பார்க்கும் ஃப்ரோசன் பரிசோதனைக்கும், சிறுநீரக பயாப்சியின் ஒரு பகுதிக்கும் வேறு முறை. எனவே கேள்வி கேட்பது உங்கள் வேலை, முடிவு டாக்டருடையது.

மூன்று. பாட்டில் மேல் நோயாளியின் பெயர், வயது, எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எடுத்த தேதி, நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் மேல் எழுதினால் போதாது, மூடி மாறிவிடும்.

நான்கு. அன்றே லேபில் சேருங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். ஃபார்மலின் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். வாட்டர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைப்பது குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஆபத்து. திறந்து மோந்து பார்க்கவும் வேண்டாம்.

ஐந்து. “நல்ல கட்டிதான், அனுப்ப வேண்டாம்” என்று நீங்களாக முடிவு செய்து துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எடுத்ததை அனுப்புவதா என்று டாக்டர் சொல்லட்டும்.

ஆறு. லேப் ‘ரீபிராசஸிங், இரண்டு நாள் ஆகும்’ என்றால் பயப்படாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். துண்டு மீதி இருக்கிறதா? எதனால் திரும்பச் செய்கிறீர்கள்? ரிப்போர்ட்டில் அதைக் குறிப்பிடுவீர்களா? இதற்கு நேராகப் பதில் சொல்லும் லேபை நம்பலாம். மங்கலான ஸ்லைடை வைத்துச் சொன்ன நாளில் ரிப்போர்ட் கொடுத்துவிடும் லேபைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

கூட்டத்தில் கேட்கப்பட்டவை

“பிளாக்கை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?” என்று ஒரு அம்மா கேட்டார். தேவை வரும்போது கேட்டு வாங்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு மறுகருத்துக்குப் போனால் பிளாக்கும் ஸ்லைடும் கேட்பார்கள். மற்ற நேரத்தில் அது லேபில் இருப்பதே பத்திரம். எடுத்துப் போனால் வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். நன்றாகப் பதப்படுத்திய பிளாக்கின் ஆயுள் நம்மைவிட அதிகம். 1918 இன்ஃபுளுவென்சாவில் இறந்த ஓர் அமெரிக்கப் படைவீரரின் நுரையீரல் பிளாக், ஏறக்குறைய எண்பது வருடம் கழித்து எடுக்கப்பட்டு, அந்த வைரஸின் மரபணுத் துணுக்குகள் அதிலிருந்து படிக்கப்பட்டன.

“எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாமா?” என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். முடியாது தம்பி. ஒவ்வொரு தடவையும் திசு கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் இறுகும். சில நுட்பமான பரிசோதனைகள் அதில் சரியாக வராமலும் போகலாம். ஒரு தடவை, அதுவும் காரணம் தெரிந்து செய்வதுதான் முறை.

“லிஃப்டில் கேட்ட அந்தச் சாருக்கு என்ன ஆச்சு?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சொன்ன மாதிரி இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. பயப்படும்படி எதுவும் இல்லை. முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நிம்மதியாகத் தூங்குகிறார், நான் பேச ஆரம்பித்ததிலிருந்து!

அடுத்த தடவை உங்கள் கையில் அந்தப் பாட்டில் வரும்போது, அது உடம்பிலிருந்து ஒரு முறை மட்டும் கிடைக்கும் துண்டு என்பது நினைவுக்கு வந்தால் போதும். சுண்டல் ஆறிவிடும், எழுந்திருங்கள்.